நூலகத்திலும் "டிஸ்க்... டிஸ்க்..."! ஹெட்போன் வாங்குவோர் யோசிக்க வேண்டாமா?

சென்னையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் காதில் ஹெட்போன். பஸ்ஸில், மின்சார ரயிலில், டீக்கடை பெஞ்சில், நூலகத்து நாற்காலியில்... கல்லூரி மாணவர் முதல் கடைக் கணக்கப்பிள்ளை வரை ஆளுக்கு ஒன்று.

தப்பில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு, பெட்டி முழுக்கப் பாட்டுக் கச்சேரி நடத்துகிறவரைவிட, காதில் மாட்டிக்கொள்பவர் ஆயிரம் மடங்கு மேல்!

ஆனால், மாட்டிக்கொண்டால் மட்டும் போதுமா?

மாட்டியிருப்பது ஒழுகும் ஹெட்போனாக இருந்தால், அவர் காதுக்குள் ஓடும் பாட்டு பக்கத்து நாற்காலிக்காரர் காதிலும் விழும். முழுப் பாட்டு விழுந்தாலாவது ரசிக்கலாம். விழுவது வெறும் "டிஸ்க்... டிஸ்க்..." தான். கொசு மாதிரி. கொசுவையாவது அடிக்கலாம். இதை என்ன செய்வது?

கேட்டால் கோபம் வருகிறது. "நான் ஹெட்போன்லதான சார் கேக்கறேன், உங்களுக்கு என்ன?" என்கிறார்கள். அவர்கள் மேல் முழுக் குற்றமும் இல்லை. தன் ஹெட்போன் ஒழுகுகிறது என்பது மாட்டியிருப்பவருக்குத் தெரியவே தெரியாது. தெரிந்து வாங்கினால் இந்தத் தகராறே இல்லை. அதற்கு அதிகப் பணமும் தேவையில்லை என்பதுதான் சேதி!

அமைதி யாருக்கு வேண்டும்?

கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010-ல் திறக்கப்பட்டது. சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்க அங்கே தனி இடமே இருக்கிறது. எழும்பூர் கன்னிமாரா நூலகம் 1896-ல் தொடங்கியது. அண்ணா சாலையில் தேவநேயப் பாவாணர் நூலகம். இங்கெல்லாம் அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் காலையில் வந்தால் சாயங்காலம்தான் எழுந்திருக்கிறார்கள்.

முன்பு பாடம் முழுக்கப் புத்தகத்தில் இருந்தது. இப்போது பாதிப் பாடம் போனில் இருக்கிறது. பயிற்சி வகுப்பு வீடியோவைக் காதில் மாட்டிக் கேட்டுத்தான் ஆக வேண்டும். அது ஆடம்பரம் அல்ல. ஒரு பிள்ளையின் வேலை, ஒரு குடும்பத்தின் சாப்பாடு அதில் இருக்கிறது.

பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போடுகிற பிள்ளைக்கும் அதே தேர்வுதான்; அதே வயிறுதான். ஒருவர் பாடம் கேட்பதால் இன்னொருவர் பாடம் கெடலாமா?

நூலகம் மட்டுமா? ஒரே அறையும் ஒரே ஃபேனும் உள்ள வீடுகள் இந்த நகரத்தில் எத்தனை! அப்பா இரவு ஷிப்ட் முடிந்து வந்து படுத்திருப்பார். மகள் பாடம் கேட்பாள். "கொஞ்சம் குறைச்சு வைம்மா, கண்ணு அசரட்டும்" என்று அவர் புரண்டு படுப்பார். ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையாக இரவு கண் விழிப்பவர் பாட்டுக் கேட்பார். அடுத்த கட்டிலில் இன்னொரு நோயாளி.

இந்த இடங்களுக்கு உலகத்திலேயே சிறந்த ஹெட்போன் வேண்டாம். மூன்றே மூன்று குணம் போதும். சத்தம் வெளியே போகக் கூடாது. மூன்று மணி நேரம் மாட்டினாலும் காது வலிக்கக் கூடாது. பர்ஸ் கிழியக் கூடாது.

முதலில் முதுகைப் பாருங்கள்!

ஹெட்போனில் இரண்டு ஜாதி. ஒன்று திறந்த முதுகு. இன்னொன்று மூடிய முதுகு.

காதை மூடுகிற கிண்ணத்தின் வெளிப்பக்கம் வலை மாதிரி, சல்லடை மாதிரி ஓட்டை போட்டிருந்தால் அது பெரும்பாலும் திறந்த முதுகு. உள்ளே இருக்கும் குட்டி ஸ்பீக்கர் முன்னாலும் சத்தம் போடும், பின்னாலும் சத்தம் போடும். முன்னால் போவது காதுக்கு. பின்னால் போவது ஊருக்கு! ஜெர்மனியின் சென்ஹைசர் கம்பெனி 1968-ல் இந்த வகையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கேட்க இதமாக, காற்றோட்டமாக இருக்கும் என்பது உண்மை. தனி அறையில் தனியாக இருப்பவருக்குச் சரி. நூலகத்துக்கு? கூடவே கூடாது!

1979-ல் ஜப்பானின் சோனி கம்பெனி வாக்மேனை விட்டதே, அதோடு வந்த ஹெட்போனை நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மெல்லிய கம்பி, இரண்டு பக்கமும் பஞ்சு வட்டம். காதில் இருப்பதே தெரியாது, அவ்வளவு லேசு. ஆனால் பஞ்சு சத்தத்தைத் தடுக்குமா? அந்த வகை இன்றும் மலிவாகக் கிடைக்கிறது. மலிவு என்று வாங்கி, அமைதியான இடத்துக்குக் கொண்டு போனால் வம்புதான்.

மூடிய முதுகு என்றால் கிண்ணத்தின் பின்பக்கம் கெட்டிச் சுவர். சத்தம் உள்ளேயே நிற்கும். வெளிச் சத்தமும் ஓரளவு உள்ளே வராது. அதனால் சவுண்டைக் குறைத்து வைத்தாலே தெளிவாகக் கேட்கும். குறைத்து வைத்தால் ஒழுகுவதும் குறையும். ஒரு கல்லில் இரண்டு மாங்காய்!

ஆனால் ஒரு எச்சரிக்கை. முதுகு மூடியிருந்தாலும் காதைச் சுற்றி இடுக்கு இருந்தால் எல்லாம் போச்சு. மூடி சரியாக உட்காராத பாத்திரம் மாதிரிதான். மூக்குக் கண்ணாடிக் காது, தலைமுடி, ஜிமிக்கி... இவை மெத்தைக்கு அடியில் மாட்டினால் அந்த இடுக்கு வழியாகவே "டிஸ்க்... டிஸ்க்..." கிளம்பிவிடும்.

குருவி தலையில் பனங்காய்

அடுத்தது சுகம். இதைத்தான் யாருமே கடையில் கேட்பதில்லை. "அண்ணே, பேஸ் அதிருமா?" என்றுதான் கேட்கிறார்கள். பேஸ் அதிரும். அரை மணி நேரத்தில் காதும் அதிரும்!

காதின் மேலேயே உட்காரும் வகை ஒன்று. காதை முழுசாகச் சுற்றி உட்காரும் வகை இன்னொன்று. மேலே உட்காரும் வகை சின்னது. விலையும் பெரும்பாலும் குறைவு. ஆனால் காது மடலை அழுத்திக்கொண்டே இருக்கும். கண்ணாடி போட்டவர் பாடு திண்டாட்டம். கண்ணாடிக் காதுக்கும் ஹெட்போனுக்கும் நடுவில் காது மடல் நசுங்கும். சுற்றி உட்காரும் வகையில் காது ஒரு சின்ன அறைக்குள் இருக்கிற மாதிரி நிம்மதியாக இருக்கும். பல மணி நேரம் உட்காருபவருக்கு இதுதான் ஏற்றது.

உதாரணத்துக்கு இரண்டு. சோனியின் எம்.டி.ஆர். இசட்.எக்ஸ். 110 காதின் மேல் உட்காரும் வகை. ஆடியோ டெக்னிக்காவின் ஏ.டி.எச். எம்20 எக்ஸ் காதைச் சுற்றும் வகை. இரண்டும் மூடிய முதுகுதான். இரண்டும் ஒயர் வகைதான். முதலாவது மலிவு, இரண்டாவது அதைவிடச் சில மடங்கு விலை. ஒரு மணி நேரப் படிப்புக்கு முதலாவது தாங்கும். நாள் முழுக்கப் படிக்கிறவருக்கு இரண்டாவது வகைதான் சரி. கம்பெனிப் பெயரைவிட வகைதான் முக்கியம். அதே வகையில் வேறு கம்பெனிச் சரக்கும் நிறைய உண்டு.

எடையையும் பார்க்க வேண்டும். 250 கிராமுக்குள் இருந்தால் கழுத்து தப்பிக்கும். அதற்கு மேல் போனால் குருவி தலையில் பனங்காய் வைத்த கதைதான்.

அப்புறம் மெத்தை. ரெக்சின் மெத்தை சத்தத்தை நன்றாக அடைக்கும். ஆனால் சென்னை வெயிலில் வியர்த்துக் கொட்டும். துணி மெத்தை குளிர்ச்சி. ஆனால் சத்தம் கொஞ்சம் கசியும். அமைதியான இடத்துக்கு ரெக்சினே மேல். மணிக்கு ஒரு தரம் கழற்றி, காதையும் மெத்தையையும் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டால் போதும்.

கடலோர ஊரின் ஈரக்காற்றில் மலிவான ரெக்சின் சீக்கிரமே உரிந்து, கறுப்புச் செதிலாகக் கழுத்தில் ஒட்டும். மெத்தை போனால் ஹெட்போனே போச்சு என்று தூக்கி எறிகிறார்கள். தேவையே இல்லை! பல வகைகளுக்கு மெத்தை தனியாகக் கிடைக்கிறது. ஆகவே வாங்குமுன்பே "இதுக்கு மெத்தை தனியா கிடைக்குமா?" என்று கேட்டுவிட வேண்டும். "கிடைக்காது" என்றால் அடுத்த கடை.

விளம்பரத்தில் ஒரு ஏமாற்று வித்தை

இப்போது எல்லா அட்டைப்பெட்டியிலும் "நாய்ஸ் கேன்சலேஷன்" என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். வெளிச் சத்தம் கேட்கவே கேட்காது என்று நினைத்து வாங்குகிறார்கள். வீட்டுக்கு வந்து மாட்டினால் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில்கூடக் கேட்கிறது!

விஷயம் இதுதான். ஏ.என்.சி. என்று இருந்தால் அது கேட்பவர் காதுக்கு வரும் வெளிச் சத்தத்தைக் குறைக்கும் கருவி. ஈ.என்.சி. என்று இருந்தால் அது போனில் பேசும்போது எதிர்முனையில் இருப்பவருக்குச் சத்தம் குறைவதற்கு. வாங்கியவர் காதுக்கு அதனால் ஒரு பைசா லாபமில்லை! ஓர் எழுத்துதான் வித்தியாசம். அந்த ஓர் எழுத்தில் பணம் பறிபோகிறது.

சரி, அசல் ஏ.என்.சி.தான் வாங்கலாமா? ரயில் இரைச்சல், ஏ.சி. உறுமல் போன்ற ஒரே மாதிரியான சத்தத்தை அது நன்றாக அடக்கும். திடீர்ப் பேச்சையும் இருமலையும் அந்த அளவு அடக்காது. நூலகத்தில் உறுமலா இருக்கிறது? அங்கே அதற்காகப் பணம் கொடுப்பது தண்டம். மலிவான ஏ.என்.சி. சிலவற்றில் "ஸ்ஸ்ஸ்" என்று லேசான இரைச்சலும் கூடவே வரும். முக்கியமாக, உள்ளே இருந்து வெளியே ஒழுகும் சத்தத்தை ஏ.என்.சி. தடுக்காது. தடுப்பது கெட்டி முதுகும் நல்ல மெத்தையும்தான்.

அதேபோல் மைக்கும். நூலகத்தில் யாரோடு பேசப் போகிறார்கள்? மைக் வேண்டாம், பேட்டரி வேண்டாம், ப்ளூடூத் வேண்டாம் என்று ஒயர் வகைக்குப் போனால், அதே பணத்துக்கு மெத்தையும் சத்தமும் ஒரு படி உயர்வாகக் கிடைக்கும். சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று பாதிப் பாடத்தில் தவிக்கவும் வேண்டாம். ப்ளூடூத் சேர்ந்துவிட்டதா என்று பார்க்காமல் வீடியோவைத் தட்டிவிட்டு, அரங்கம் முழுக்கப் போன் அலற, முகம் சிவந்து நிற்கிற அவமானமும் இல்லை!

ஒயர் வகையில் ஒரே சங்கடம், இப்போது பல போனில் பின் சொருகும் துளையே இல்லை. அதற்கு டைப்-சி இணைப்பு ஒன்று தனியாக வாங்க வேண்டும். எல்லா இணைப்பும் எல்லாப் போனுக்கும் சேராது. சொந்தப் போனைக் கடையிலேயே மாட்டிப் பார்த்து வாங்குவது உத்தமம். பெட்டியில் "ஓம்" என்று ஓர் எண் இருக்கும். 32 ஓம் பக்கம் இருந்தால் போனுக்குப் பொதுவாகப் பொருந்தும். 250 ஓம் வகையெல்லாம் ஸ்டுடியோக்காரர்களுக்கு. போனில் மாட்டினால் முனகும்.

"இவ்வளவு எதுக்கு? காதுக்குள்ள சொருகுறது இருநூறு ரூபாய்க்குக் கிடைக்குதே" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ரப்பர் குமிழ் வைத்த வகை காதோடு சரியாகப் பொருந்தினால் சத்தம் அதிகம் ஒழுகாது. ஒரு மணி நேர ரயில் பயணத்துக்கு அது போதும். ஆனால் நாலைந்து மணி நேரம் காதுத் துளைக்குள் சொருகி வைத்தால் வியர்வை, அரிப்பு, அழுக்கு எல்லாம் சேரும். நாள் முழுக்கப் படிப்பவருக்கு அது சரிவராது.

ரிச்சி தெருவில் என்ன கேட்பது?

அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் இல்லாத எலக்ட்ரானிக் சாமான் இல்லை. கூட்டமும் அப்படி! அந்த இரைச்சலில் ஹெட்போன் ஒழுகுகிறதா என்று எப்படித் தெரியும்?

வழி இருக்கிறது. முதலில் பாட்டே போடாமல் மாட்டிப் பார்க்க வேண்டும். தெருச் சத்தம் சட்டென்று மங்கினால் மெத்தை காதைச் சரியாக அடைக்கிறது என்று அர்த்தம். மங்கவே இல்லை என்றால் கழற்றி வைத்துவிடலாம். கண்ணாடி போடுபவர் கண்ணாடியோடுதான் மாட்டிப் பார்க்க வேண்டும். ஜிமிக்கி போடும் பெண்கள் ஜிமிக்கியோடு. பத்து நிமிடமாவது மாட்டியிருந்தால்தான் பிடி இறுக்கமா, தளர்வா என்று தெரியும். ஒரு நிமிடத்தில் எல்லாமே சுகமாகத்தான் இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டாவது சோதனை. ஃபேனை நிறுத்திவிட்டு, தம்பியையோ தங்கையையோ மாட்டிக்கொள்ளச் சொல்லி, வழக்கமான சவுண்டில் பாட்டைப் போட்டு, ஒரு கை தூரத்தில் உட்கார வேண்டும். கேட்கிறதா? கேட்டால் சவுண்டைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். எந்த இடத்தில் சத்தம் நிற்கிறதோ, அதுதான் நூலகத்தில் வைக்க வேண்டிய அளவு. அந்த அளவில் பாடம் சரியாகக் கேட்கவில்லை என்றால் அந்த ஹெட்போன் நூலகத்துக்கு லாயக்கில்லை. மாற்றுவதற்குத் தவணை இருக்கும்போதே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

அதற்குத்தான் பில். "பில் இல்லேன்னா நூறு ரூபா குறைச்சுக்கலாம் சார்" என்று ஆசை காட்டுவார்கள். மயங்கக் கூடாது. பெட்டிமேல் எம்.ஆர்.பி., தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், விலாசம், புகார் சொல்ல வேண்டிய தொலைபேசி எண் எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது 2011-ம் ஆண்டு விதி. ஒன்றுமே இல்லாத வெறும் பெட்டியில், பெரிய கம்பெனிப் பெயர் மட்டும் மின்னினால் சந்தேகப்பட வேண்டும். தகராறு என்றால் நுகர்வோர் உதவிக்கு 1915 என்ற எண் இருக்கிறது. 2019-ம் ஆண்டுச் சட்டப்படி, வாங்கியவர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். பில் இல்லாமல் போனால் அங்கே எதைக் காட்டுவது?

காது கடையில் கிடைக்காது!

பக்கத்து நாற்காலிக்காரர் கிடக்கட்டும். சொந்தக் காது என்ன ஆவது?

உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்குச் சொல்கிறது. 80 டெசிபல் சத்தம் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். அதையே 90 டெசிபலாக ஏற்றினால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான்! பத்தே டெசிபல் கூடினால் நேரம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது.

ஒழுகும் ஹெட்போன்காரர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார். வெளிச் சத்தம் உள்ளே வருகிறது. அதை அமுக்கச் சவுண்டை ஏற்றுகிறார். ஏற்ற ஏற்ற இன்னும் ஒழுகுகிறது. பக்கத்துக்காரருக்குத் தலைவலி, இவருக்குக் காதுக் கேடு. உள்காதின் நுண்ணிய செல்கள் ஒரு தரம் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. ஹெட்போனுக்கு மெத்தை மாற்றலாம். காதுக்கு?

இன்னொரு ஆபத்தையும் சொல்லாமல் விட முடியாது. நன்றாக மூடும் ஹெட்போன் நூலகத்தில் வரம். தண்டவாளத்தில் எமன்! ஹாரன் கேட்காது. ரயிலில் உட்கார்ந்து கேட்கட்டும். பிளாட்பாரத்தில் கால் வைக்குமுன் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். தண்டவாளத்தைக் கடப்பது 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டப்படியே குற்றம். ஆறு மாதம் வரை ஜெயில், ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டுமே விதிக்கலாம். அதையும் காதை மூடிக்கொண்டு கடப்பது தற்கொலை அன்றி வேறென்ன?

யார் என்ன செய்யலாம்?

ஆஸ்பத்திரி, கல்வி நிலையம், கோர்ட்டு போன்ற இடங்களைச் சுற்றி நூறு மீட்டருக்கு அமைதி மண்டலம் என்றும், பகலில் 50 டெசிபல், இரவில் 40 டெசிபல் என்றும் 2000-ம் ஆண்டிலேயே விதி செய்தார்கள். அது லாரி ஹாரனுக்கும் ஒலிபெருக்கிக்கும். ஹெட்போனுக்கு எந்த போலீஸ்காரர் வந்து அளக்க முடியும்? இது மனிதர்களே பார்த்துச் செய்ய வேண்டிய காரியம்.

நூலகத்தார் வாசலில் "அமைதி காக்கவும்" என்று எழுதிவைத்தது சரி. அதற்குக் கீழே "ஹெட்போன் சத்தம் பக்கத்து இருக்கைக்குக் கேட்கக் கூடாது" என்று ஒரு வரி சேர்த்தால் என்ன? பெயிண்டு செலவுதானே! வாய்ச்சண்டை மிச்சம்.

கடைக்காரர்கள் மாட்டிப் பார்க்க ஒரே ஒரு மாதிரியைத் திறந்து வைக்கலாம். "பெட்டியப் பிரிச்சா வாங்கியாகணும்" என்று மிரட்டினால் வாடிக்கையாளர் ஆன்லைனுக்குத்தான் ஓடுவார். பிறகு வியாபாரம் படுத்துவிட்டது என்று புலம்பிப் பயனில்லை. "இது மூடிய முதுகு, இது திறந்த முதுகு" என்று பிரித்துச் சொல்லத் தெரிந்த பையன் ஒருவன் கடையில் இருந்தால், அந்தக் கடைக்குக் கூட்டம் தானே வரும்.

வாங்குபவர்? ஆயிரமோ, இரண்டாயிரமோ, கையில் இருப்பதற்குள்ளேயே வாங்கட்டும். ஆனால் "பேஸ் அதிருமா?" என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, "வெளியே கேக்குமா? காது வலிக்குமா? மெத்தை மாத்தலாமா?" என்ற மூன்று கேள்வியை முதலில் கேட்கட்டும்.

மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால் தாராளமாகக் காசைக் கொடுக்கலாம். படிப்பவர் படிப்பார், தூங்குபவர் தூங்குவார், கேட்பவரும் நிம்மதியாகக் கேட்பார்!